சீறி நிற்கும் பாம்பை எதிர்கொள்ளுதல்: வன்னி வளவுகளுக்கான வழிகாட்டி

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் பாம்பு வந்து போகாத வளவைக் காண்பது அரிது. வீட்டை அடுத்து வயல், வயலை அடுத்து வாய்க்கால், அதற்கு அப்பால் குளமும் பற்றைக்காடும் என்றிருக்கும் நிலத்தில், நெல்லைத் தேடி எலி வருவதும் எலியைத் தேடிப் பாம்பு வருவதும் ஆண்டு முழுவதும் நடப்பவை. அவற்றுட் பெரும்பாலானவை நம் கண்ணிற் படாமலே வந்து போய்விடுகின்றன. போக வழியின்றி மூலையில் அகப்பட்டு, தலையைத் தூக்கிச் சீறி நிற்கும் பாம்புதான் நமக்குப் பிரச்சினையாகத் தெரிகிறது. அத்தகைய பாம்பை எப்படி எதிர்கொள்வது, வயலிற் பிடித்து வந்து வீட்டில் வைத்திருக்கும் வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) பாய்ந்து கடிக்கத் தொடங்கினால் என்ன செய்வது, கடி நேர்ந்துவிட்டால் வைத்தியசாலைக்குச் செல்லும் வரை எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யக்கூடாது என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

பாம்பு ஏன் சீறுகிறது

நஞ்சு பாம்புக்கு இரை பிடிப்பதற்காக அமைந்தது. தன்னால் விழுங்க முடியாத ஓர் உருவத்தின்மீது அதைச் செலவழிப்பதில் பாம்புக்கு எந்த ஆதாயமும் இல்லை; ஆகவே கடிப்பதற்கு முன் பெரும்பாலும் தன்னிடமுள்ள மற்ற வழிகளையெல்லாம் அது செய்து பார்க்கிறது. முதலில் அசையாமற் கிடந்து பார்வைக்குத் தப்பப் பார்க்கும். பிறகு நழுவி ஓடப் பார்க்கும். அதற்கும் இடமில்லையென்றால் உடலைப் பெருப்பித்து, படமெடுத்தோ சுருண்டோ நின்று சீறும். அப்போது இடைவெளி கொடுத்து விலகியவரைத் தேடிச் சென்று கடிக்கும் பாம்பு வன்னியில் இல்லை. "துரத்திக்கொண்டு வந்தது" என்று சொல்பவரிடம் நிதானமாக விசாரித்தால், பெரும்பாலும் பாம்புக்கும் அதன் புற்றுக்கும் இடையில் அவர் நின்றிருப்பார். புற்றை நோக்கி ஓடிய பாம்பு தம்மை நோக்கி ஓடி வருவதாக அவர் எண்ணியிருப்பார்.

எனினும் சில காலங்களிற் பாம்பு வழமையை விட விரைவாகச் சினங்கொள்ளும். சட்டை கழற்றுவதற்குச் சில நாட்களுக்கு முன் கண்களை மூடியிருக்கும் செதில் பால் நிறமாக மங்கிவிடுவதால், சரியாகப் பார்க்க முடியாத பாம்பு எந்த அசைவுக்கும் தலையை வீசும். முட்டைகளோடு இருக்கும் நாகமும் வெங்கிணாந்தியும் இலேசில் இடத்தை விட்டு நகரமாட்டா. வயிறு பருக்க இரை விழுங்கிய பாம்பு ஓட இயலாமையால் நின்று சீறும். மாரி வெள்ளமும் இவ்வாறானதொரு காலமே. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல கிராமங்களில் வெள்ளம் புகுந்ததைப் போன்ற நாட்களில், வளைகளில் நீர் நிரம்பிய பாம்புகளும் நம்மைப் போலவே மேட்டைத் தேடி வருகின்றன. வெள்ளம் வடிந்து வீடு திரும்புவோர் பாய், தலையணை, தறப்பாள், அடுக்கி வைத்த உரப்பை என எதையும் முதலில் ஒரு நீண்ட தடியால் நகர்த்திப் பார்த்த பின்னரே கையால் தொட வேண்டும்.

முதல் சில நிமிடங்கள்

பாம்பைக் கண்டவுடன் செய்ய வேண்டியது, நின்ற இடத்திலேயே நிற்பது. பாம்பு எல்லாவற்றுக்கும் மேலாக அசைவைக் கவனிக்கிறது. பதறித் துள்ளும் காலையே அது ஆபத்தாகக் கருதும். அதன் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், அடிமேல் அடியாகப் பின்வாங்க வேண்டும். பாம்பின் நீளத்தைப் போல் இரு மடங்கு தூரம் என்பது மனதில் வைத்திருக்கக்கூடிய எளிய கணக்கு: ஐந்தடிப் பாம்பு என்றால் பத்தடி. சுருண்டிருக்கும் பாம்பின் நீளத்தை நாம் குறைவாகவே மதிப்பிடுவோம் என்பதால், தூரத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்வதில் தவறில்லை.

அடுத்து, சிறுவர்களை வேறு அறைக்கு அல்லது அயல் வீட்டுக்கு அனுப்பி, நாயைக் கட்டிவிட வேண்டும். குரைத்துக்கொண்டு முன்னும் பின்னும் பாயும் நாய் பாம்பின் சீற்றத்தைத் தணியவிடாது. கடி வாங்குவதும் பெரும்பாலும் நாய்தான். ஒருவர் மட்டும், இரவென்றால் ரோச் வெளிச்சத்துடன், தூரத்தில் நின்று பாம்பைக் கண்ணால் தொடர வேண்டும். பாம்பு எங்கே போனது என்று தெரியாமற்போவது, அது சீறிக்கொண்டு கண்முன் நிற்பதைவிட மோசமான நிலை.

இனி, பொல்லுடன் கூடும் அயலவர்களைப் பற்றி. நம் ஊர்களிற் "பாம்பு" என்ற சத்தம் கேட்டதும் ஒழுங்கை முழுவதும் திரண்டுவிடும், ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு ஆலோசனை இருக்கும். வீட்டுக்காரர் ஒருவரே பேசுவது, மற்றவர்கள் வேலிக்கு அப்பால் நிற்பது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நன்று. கல்லெறிவதும் அடிப்பதும் ஓடத் தயாராக நின்ற பாம்பைப் போராடும் பாம்பாக மாற்றும். அடிப்பதற்கு அதற்கு எட்டும் தூரத்துக்குள் போகாமல் முடியாது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நடுமுதுகு முறிந்த பாம்பும் தலையைத் திருப்பிக் கடிக்கும். துண்டிக்கப்பட்ட தலையும் சில நேரம் வரை அனிச்சையாகக் கடித்து நஞ்சைச் செலுத்த வல்லது.

மண்ணெண்ணெய் ஊற்றுவது, உப்பும் உள்ளியும் தூவுவது, புகை போடுவது ஆகியவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. இவை பாம்பை வெளியே போகச் செய்யும் என்பதற்கு உறுதியில்லை. மண்ணெண்ணெய் பட்டு உடல் எரியும் பாம்பு வீட்டின் இன்னும் ஆழமான மூலைக்குள் புகுந்துவிடவும் கூடும். கறையான் புற்றை அலவாங்கால் இடிப்பதும் பற்றைக்குத் தீ வைப்பதும் வன்னியில் வேறொரு காரணத்தாலும் ஆபத்தானவை: நீண்ட காலம் கைவிடப்பட்டிருந்த காணிகளில் போர்க்கால வெடிபொருட்கள் மண்ணுக்குள் இன்னும் கிடக்கக்கூடும். அத்தகைய காணியிற் பாம்புக்காகத் தீ மூட்டுவது, சிறிய ஆபத்துக்குப் பயந்து பெரியதைக் கூப்பிடுவதாகும்.

வீட்டுக்குள் வந்த பாம்பு

ஒரு நாகம் குசினிக்குள், அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் இடையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம் விரிந்திருக்கிறது, உடலின் முன்பகுதி நிமிர்ந்திருக்கிறது, நீங்கள் இடப்பக்கம் சாய்ந்தால் அதுவும் அப்பக்கம் திரும்புகிறது. இந்த நிலையில் அதன் முழுக் கவனமும் உங்கள்மீது இருக்கிறது. நீங்கள் வாசலை மறித்து நிற்கும் வரை அது இறங்காது. ஆகவே முதலில் வீட்டின் உட்பக்கக் கதவுகளை மூடி, கதவின் கீழுள்ள இடைவெளியைச் சாரத்தாலோ துவாயாலோ அடைத்துவிடுங்கள். வளவுப் பக்கக் கதவை முழுவதுமாகத் திறந்து, அது தானாக மூடாதபடி ஒரு கல்லை வைத்துவிட்டு, அந்த வாசலுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக விலகி, யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருங்கள். சில நிமிடங்களிற் படம் சுருங்கும். தலை தரைக்கு இறங்கும். நாக்கு வேகமாக உள்ளும் புறமும் போய்வரும். அதன் பிறகு சுவரோரமாகவே அது நகரத் தொடங்கும், ஏனெனில் திறந்த வெளியை விடச் சுவரை ஒட்டிச் செல்வதையே பாம்பு விரும்புகிறது. சுவரோரமாக வாசல் வரை தடையின்றிப் போகும்படி வாளி, விறகு முதலியவற்றை முன்கூட்டியே அகற்றியிருந்தால் வேலை பாதி முடிந்துவிடும்.

அரை மணித்தியாலம் காத்திருந்தும் அசையாவிட்டால், பிடிப்பதற்கு முயலாமல் உதவி கேட்பதே சரி. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அண்மைய அலுவலகத் தொலைபேசி இலக்கத்தைக் கிராம அலுவலரிடம் கேட்டு, பாம்பு வருவதற்கு முன்பே குசினிச் சுவரில் எழுதி வைத்திருக்க வேண்டும். கொக்கத்தடியையும் தும்புத்தடியையும் வைத்துக்கொண்டு பாம்பு பிடிக்கும் இளைஞர்களை எனக்கும் தெரியும்; அவர்களுடைய துணிவு பெரிது, கருவி போதாது. கைபேசியில் ஒருவர் படமெடுக்க மற்றவர் வாலைப் பிடித்துத் தூக்குவது, கடி வாங்குவதற்கு மிகவும் எளிதான வழி.

நம்மவர்களிற் பலர் நல்லபாம்பை அடிப்பதில்லை. புதூரிலும் புளியம்பொக்கணையிலும் நாகதம்பிரானுக்குப் பொங்கும் சனம், வளவுக்குள் வந்த நாகத்தைக் கற்பூரம் காட்டிப் "போ அப்பனே" என்று சொல்லி வழியனுப்புவதும் உண்டு. தூரத்தில் நின்று காத்திருப்பது என்ற அளவில் அந்த வழக்கம் மிக நல்லது. முட்டையும் பாலும் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு அருகே போவது மட்டும் வேண்டாம். பால் பாம்பின் உணவும் அன்று.

எந்தப் பாம்பு எப்படிச் சீறும்

பாம்பை அடையாளம் காண்பது அதைத் தொடுவதற்காக அல்ல. எவ்வளவு தூரம் விலகி நிற்பது, எவ்வளவு விரைவாக உதவி கேட்பது என்பதை முடிவு செய்வதற்காக. நாகத்தைப் பற்றிச் சொல்லியாயிற்று. ஊரிற் பலர் புடையன் என்று சொல்லும் கண்ணாடி விரியனே வயற்காரருக்கு முதல் எதிரி. தடித்த உடல், முக்கோணத் தலை, முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி கோத்த மண்ணிற வட்டங்கள் என்பன அதன் அடையாளம். சைக்கிள் ரியூப்பில் இருந்து காற்று இறங்குவது போல், நீண்டு, விட்டுவிட்டு, பல யார் தூரத்துக்கும் கேட்கும்படி அது சீறும். மந்தமாகக் கிடப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. பாயும்போது அதன் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. காலபோக (மாரிப் பருவ நெல்) அறுவடைக் காலத்தில், பொழுதுபடும் நேரத்தில், வரம்பில் வெறுங்காலுடன் நடப்பவர்கள் மிதித்துக் கடிபடுவது இந்தப் பாம்பிடந்தான். அது சீறினால் அதிர்ஷ்டம் என்றுதான் கொள்ள வேண்டும், ஏனெனிற் சீறாமற் கிடந்து கடிப்பதும் அதற்கு வழக்கம்.

மன்னார், முல்லைத்தீவுக் கரையோர மணற்பாங்குகளிற் காணப்படும் சுருட்டை விரியன் சிறியது, ஓர் அடியை ஒட்டியது. உடலை வளைவு வளைவாக மடித்து, பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி அரம் தேய்க்கும் ஒலியை எழுப்பும். சிறிது என்று செருப்பால் தட்டிவிடப் போகக்கூடாது.

நஞ்சற்றவற்றுள் மிகப் பெரிய சத்தக்காரன் சாரை. மூலையில் அகப்பட்டால் கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி உறுமும், துள்ளிக் கடிக்கவும் செய்யும்; கடித்தாற் கீறலும் இரத்தமும் உண்டு, நஞ்சில்லை. இரண்டு சாரைகள் பின்னிப் பிணைந்து எழும்பி நிற்பதைச் சாரையும் நாகமும் சேர்வதாகச் சொல்வார்கள்; உண்மையில் அவை பலத்தை அளந்து பார்க்கும் இரண்டு ஆண் சாரைகள். வாய்க்காலில் இருந்து ஏறிவரும் தண்ணீர்ப்பாம்பும் கழுத்தைத் தட்டையாக்கி நிற்கும், அதைக் கண்டு நாகம் என்று அடிப்பவர்கள் பலர். பச்சைப்பாம்பு வாயை அகலத் திறந்து மிரட்டும். அது கண்ணைக் கொத்தும் என்ற பயம் அவசியமற்றது, ஆனாலும் முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

இவ்வளவையும் சொன்ன பின், சீறாத ஒரு பாம்பைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கட்டுவிரியன், எட்டடி விரியன் என்றெல்லாம் அழைக்கப்படும் கருநிறப் பாம்பு, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகளுடன், பகலிற் கண்டால் தலையைச் சுருளுக்குள் மறைத்துக்கொண்டு சாதுவாகக் கிடக்கும். இரவில் அதன் குணம் வேறு. எலியையும் பல்லியையும் மற்றப் பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வந்து, தரையில் பாய் விரித்துத் தூங்குபவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, வீங்குவதில்லை, பற்குறி கூடத் தெரியாமற்போகலாம். எனவே சீறும் பாம்புக்குப் பயந்து விடியும் வரை விழித்திருக்கும் வீட்டில், கட்டிலும் நுளம்புவலையும் இல்லாமல் இருப்பதுதான் உண்மையான ஆபத்து. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அல்லது மெத்தைக்குக் கீழே நான்கு பக்கமும் செருகிவிட வேண்டும். தொங்கவிட்ட வலை பாம்பைத் தடுக்காது. தரையிற்றான் படுக்க வேண்டும் என்றாலும் இதே முறையிற் செருகிய வலை பெருமளவு பாதுகாப்பைத் தரும். நெல் மூட்டையைப் படுக்கும் அறையில் வைக்காதிருந்தால் எலி குறையும், எலி குறைந்தால் மற்றதும் குறையும்.

கிணற்றில் விழுந்தது, வலையிற் சிக்கியது

கட்டு இல்லாத அல்லது கட்டுத் தாழ்ந்த கிணறுகளிற் பாம்பு விழுவது வழமை. நீரில் நீந்திக் களைத்து, கல் இடுக்கில் தலையை வைத்துக்கொண்டு, வாளி இறங்கும்போதெல்லாம் சீறும். வாளியில் அள்ளி எடுக்க முயல்வது ஆபத்து: வாளி மேலே வரும்போது பாம்பு கயிற்றில் ஏறி, இழுப்பவரின் கைக்கு அருகில் வந்துவிடும். அதற்குப் பதிலாக, ஓலை கழிக்காத நீண்ட தென்னம் மட்டை ஒன்றைக் கயிற்றிற் கட்டி, ஓலைப் பக்கம் நீரைத் தொடும்படியும் அடிப்பக்கம் கிணற்றுக் கட்டில் சாய்ந்திருக்கும்படியும் இறக்கி, கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு எல்லோரும் போய்விட வேண்டும். மட்டை குறுகியதாக இருந்தால் இரண்டைத் தொடுத்துக் கட்டலாம். ஆள் நடமாட்டம் அடங்கிய பின், பெரும்பாலும் இரவில், பாம்பு அதைப் பற்றி ஏறிப் போய்விடும். மறுநாட் காலையில் ரோச் அடித்து நீரையும் கல் இடுக்குகளையும் நன்றாகப் பார்த்த பின்னரே தண்ணீர் அள்ளலாம்.

மரக்கறித் தோட்டத்தைச் சுற்றிக் கட்டிய பழைய மீன்வலையிற் சிக்கும் பாம்பின் கதை வேறு. நைலோன் இழை செதிலுக்குள் இறுகி, வெயிலில் வேதனையோடு கிடக்கும் பாம்புக்கு ஓட வழியில்லை. ஆகவே கடிப்பதைத் தவிர அதனிடம் வேறு வழியும் இல்லை. அதைக் கத்தரித்து விடுவிப்பது பயிற்சி உள்ளவர்களின் வேலை. அவர்கள் வரும் வரை தூரத்தில் இருந்து ஓர் ஓலையை அதன்மேற் சாய்த்து நிழல் கொடுப்பது போதும். நிலத்தை முட்டாமல் ஒரு சாண் உயர்த்தி வலையைக் கட்டியிருந்தால் இந்தத் தொல்லை வந்திராது.

வீட்டில் வைத்திருக்கும் வெங்கிணாந்தி

வயல் வெட்டும்போதோ பற்றை துப்புரவாக்கும்போதோ அகப்பட்ட வெங்கிணாந்திக் குட்டியைக் கோழிக்கூட்டிலும் பெட்டியிலும் வைத்து வளர்க்கும் ஆசை சில வீடுகளிற் தோன்றுகிறது. இலங்கையில் வெங்கிணாந்தி, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதைப் பிடிப்பதும் அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றமாகும். சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், காட்டிற் பிறந்த வெங்கிணாந்தி கைக்குப் பழகும் என்று எண்ணுவது வீண். பத்தடிக்கு மேல் வளரும் பாம்பு அது.

அது பாய்வதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது அவசியம். பயத்தாற் பாயும்போது முன்கூட்டியே கழுத்தை வளைத்துப் பின்னிழுத்து, மூச்சை இழுத்துச் சீறி, கடித்தவுடன் விட்டுவிடும். இரையென்று எண்ணிப் பாயும்போது சீற்றம் இராது; நாக்கை நீட்டிக்கொண்டு அமைதியாகப் பார்த்திருந்து, பாய்ந்து, பற்றியதை விடாமற் சுற்றிக்கொள்ளும். வெங்கிணாந்தியின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர வல்லவை என்பதால், கோழியைத் தொட்ட மணத்தோடு உள்ளே நுழையும் வெதுவெதுப்பான கை அதற்குக் கோழியாகவே தெரியும். கையால் இரை கொடுத்து வந்தவர்களின் கையையே பாம்பு கடிப்பதற்கு நன்றியின்மை காரணமன்று.

செய்ய வேண்டியது, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படைப்பதே. அவர்கள் வந்து எடுக்கும் வரை, காற்றுப் போகச் சிறு துளைகள் உள்ள உறுதியான மரப்பெட்டியில், மூடியைப் பூட்டி, மேலே ஒரு துணியைப் போர்த்து, நிழலான, சத்தமற்ற இடத்தில் வைக்க வேண்டும். வெளிச்சமும் பார்வையாளர்களும் இல்லாவிட்டாற் சீற்றம் தானாகவே அடங்கும். இரை கொடுக்க வேண்டாம். பல நாட்கள் பட்டினி கிடப்பது அதற்கு இயல்பு, இரை விழுங்கியிருக்கும்போது இடம் மாற்றினால் அதைக் கக்கிவிடும். தாமாகவே காட்டில் கொண்டுபோய் விடுவதும் சரியான வழியன்று.

கடித்துக்கொண்டு விடாமல் இருந்தால், கையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. பற்கள் தொண்டையை நோக்கி வளைந்திருப்பதால், இழுத்தாற் சதை கிழியும், பல் முறிந்து உள்ளே தங்கும். குளிர்ந்த நீரை அதன் வாய்மேல் ஊற்றுவது, அல்லது ஸ்பிரிற் நனைத்த பஞ்சை மூக்கருகே பிடிப்பது அநேகமாகப் பிடியைத் தளர்த்தும். உடலைச் சுற்றியிருந்தால், இரண்டாவது ஆள் வாலின் நுனியில் இருந்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்க வேண்டும். தலைப்பக்கத்தில் இருந்து இழுத்தால் இன்னும் இறுகும். காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, வைத்தியசாலையில் முறிந்த பற்கள் உண்டா எனப் பார்ப்பித்து, ஏற்புவலி (ரெற்றனஸ்) தடுப்பூசி தேவையா என்றும் கேட்க வேண்டும்.

பாம்பு வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகள் இதையே வேறு முறையிற் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சுருக்கமாக: கூட்டைத் திறந்தவுடன் கையை விடாமல் ஒரு கொக்கியால் உடலை மெதுவாகத் தொட்டு இது இரை நேரமன்று என்று உணர்த்துங்கள், இரையை இடுக்கியால் மட்டும் கொடுங்கள், இரை தின்ற பின் இரண்டு நாட்களும், கண் மங்கியிருக்கும் நாட்கள் முழுவதும் தூக்காதீர்கள், ஒளிந்துகொள்ள இறுக்கமான ஓர் இடமும், கூட்டுக்குள் சூடான பக்கம், குளிர்ந்த பக்கம் என்ற வேறுபாடும் இருக்கட்டும். சாதுவாக இருந்த பாம்பு திடீரென்று கடிக்கத் தொடங்கினால் நோயோ உண்ணித் தொல்லையோ இருக்கலாம், விலங்கு வைத்தியரிடம் காட்டுங்கள்.

கடி நேர்ந்துவிட்டால்

கடித்த பாம்பைத் தேட வேண்டாம். முடிந்தால் தூரத்தில் இருந்து கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், முடியாவிட்டாற் பரவாயில்லை. நோய்க்குறிகளையும் இரத்தப் பரிசோதனையையும் கொண்டே வைத்தியர்கள் சிகிச்சையைத் தீர்மானிக்கிறார்கள். கடிபட்டவரை ஓட விடாமல், நடக்கவும் விடாமல் இருத்தி அல்லது கிடத்தி, மோதிரம், காப்பு, கொலுசு, இறுக்கமான உடை ஆகியவற்றை வீக்கம் தொடங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். கடிபட்ட காலை அல்லது கையை ஒரு பலகையோடு தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்கலாம். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் கூடாது. வலிக்கு அஸ்பிரின், டைக்குளோபினாக் போன்றவற்றைக் கொடுத்தால் இரத்தக் கசிவு கூடும். சாராயம் கொடுப்பதும் தவறு.

உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். அது வரத் தாமதமாகும் உட்கிராமம் என்றால், கிடைக்கும் வாகனத்தில் எதிர்கொண்டு செல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் என்றால் கடிபட்டவரை நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தூக்கக் கலக்கமோ வாந்தியோ இருந்தால் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். விசகடி வைத்தியரிடம் முதலில் "ஒருக்காப் பார்வை பார்த்துவிட்டுப் போவோம்" என்பவர்களின் பேச்சைக் கேட்பதிற்றான் பல உயிர்கள் போகின்றன. அந்த வைத்தியரிடம் போய்த் தேறியவர்களிற் பெரும்பாலோர் நஞ்சற்ற பாம்பாலோ, நஞ்சு இறங்காத கடியாலோ கடிபட்டவர்கள்.

வைத்தியசாலையில் நடப்பதை அறிந்திருந்தாற் பதற்றம் குறையும். இரத்தம் சிறிது எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் போன்றதொன்றின் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். நஞ்சுமுறி மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டு இந்தியாவில் இருந்து வருவது. நஞ்சு ஏறிய குறி தெரிந்தால் மட்டுமே அதை ஏற்றுவார்கள், ஏனெனில் அதுவே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே "வந்து ஒரு மணித்தியாலமாகியும் ஊசி போடவில்லை" என்று சண்டை பிடிப்பதில் நியாயம் இல்லை. ஆனால் கண்ணிமை தாழ்தல், இரட்டையாகத் தெரிதல், விழுங்கக் கஷ்டம், பல் முரசில் இரத்தம், கடும் வயிற்றுவலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். விடியற்காலையில் காரணமற்ற வயிற்றுவலியுடன் எழும்பி, இமை திறக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், கடிபட்டது நினைவில் இல்லாவிட்டாலும் கட்டுவிரியன் கடியென்றே கருதி வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். மூச்சுத் தசைகள் தளர்ந்தாற் செயற்கைச் சுவாசம் கொடுத்துப் பிழைக்க வைக்கலாம். அந்த வசதிக்காகவே சிறிய வைத்தியசாலைகளில் இருந்து கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்கு மாற்றுகிறார்கள்.

குறி எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு நாள் முழுவதும் தங்கச் சொல்வார்கள். கையெழுத்து வைத்துவிட்டு இடையில் வீட்டுக்கு வரக்கூடாது. கண்ணாடி விரியன் கடித்தவர் வீடு திரும்பிய பின்னரும் சிறுநீர் குறைந்தாலோ, நிறம் கறுத்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அன்றைக்கே திரும்பப் போக வேண்டும். கொடுத்த கிளினிக் திகதியையும் தவறவிடக்கூடாது.